வார்டனின் குறட்டை

அவரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்திருப்பீர்கள். லிஃப்டில் ஏறி நின்றதும் "கதவுகள் மூடுகின்றன" என்று ஒரு ஆண்குரல் எச்சரிக்குமே, அது அவர். வங்கிக்குப் போன் போட்டால் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று கூசாமல் பொய் சொல்லுமே, அதுவும் அவர்தான். ஊரில் பாதிப் பேரைக் காக்க வைத்த குரல். ரெக்கார்டிங் வட்டாரத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். வீட்டுச் சொந்தக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

குரலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முக்கியமாக எதையாவது சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டால் போதும். முதுகு தானாக நிமிரும், தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும், வீட்டில் பேசுகிற பேச்சு எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும். அந்த இடத்தில் அறிவிப்புக் குரல் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். லிஃப்ட்காரருக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. மனைவியிடம் முதன்முதலாக மனதைத் திறந்தபோதுகூட, "நான் உங்களை விரும்புகிறேன், உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்றுதான் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மயக்க மருந்து தெளிகிறவர்களின் உளறல்களையெல்லாம் கேட்டுப் பழகியவள் என்பதால், சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

"சண்ட போடும்போதாவது மனுஷன் மாதிரி பேசுங்களேன். என்னமோ ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரியே இருக்கு" என்பாள் பிறகு.

மனைவி சிரித்துக் கடந்துவிட்டாள். மகளால் முடியவில்லை. கதை அங்கேதான் இருக்கிறது.

பாப்பாவை மலைமேல் இருக்கும் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நர்ஸுக்கு ஷிஃப்ட் ஒரு நேரம்போல் ஒரு நேரம் இருப்பதில்லை. இவருக்கோ தெரு சத்தம் போடத் தொடங்கும் முன் விடியற்காலையில் ரெக்கார்டிங். வளர்கிற பெண் தாழ்ப்பாள் போட்ட வீட்டில் தனியாக எத்தனை நாள் இருப்பாள்? நல்ல பள்ளிக்கூடம், நல்ல காற்று, நல்ல டீச்சர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்களும் தங்களுக்குத் தாங்களே அதைத்தான் சொல்லிக்கொண்டார்கள். கொண்டுபோய் விட்ட அன்று பாப்பா அழவில்லை. விடுதி வாசலில் நின்று, "எப்பப்பா வருவீங்க?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

அவருக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முக்கியமான நேரம் அல்லவா? முதுகு நிமிர்ந்தது. தொண்டை செருமிக்கொண்டது.

"விடுமுறை தொடங்கியவுடன் நீ வீட்டுக்கு அழைத்துவரப்படுவாய்" என்றார்.

பாப்பா அவரை ஒரு பார்வை பார்த்தாள். லிஃப்டுக்குப் பதில் சொல்வார்களா யாராவது? திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளிக்கூடப் போனில் பேசலாம். அம்மாவிடம் பேச்சு அருவியாகக் கொட்டும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். முன்கூட்டியே வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயார் செய்து வைத்திருப்பார், பாவம். போன் கைக்கு வரும்.

"பாப்பா, நலமாக இருக்கிறாயா?"

"ம்."

"படிப்பெல்லாம் எப்படிப் போகிறது?"

"ம்."

அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்தாலும் அதே கதை. அவர் இருக்கும் அறைக்குள் வரும்போதே அவள் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். குரலை விற்றுச் சோறு தின்கிற மனிதருக்குச் சொந்த மகளிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்க முடியவில்லை. அவள் திட்டினால்கூடப் போதும் என்று ஏங்கினார். தன் ஏக்கத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் அதுவும் அறிவிப்பாகத்தான் வரும் என்று பயம்.

இந்த நேரத்தில்தான் அந்த வீடியோ கேம் வந்து சேர்ந்தது.

டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் நாலைந்து இளவட்டங்கள் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் 'விடுதி மணி'. கூட்டத்துக்குத் தலைவி ஒரு சின்னப் பெண். கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். எல்லோரும் அவளை டைரக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். அவளும் சின்ன வயதில் விடுதியில் வளர்ந்தவள்தான்.

"எங்க கேம்ல ஒரு வார்டன் இருக்கார் சார். கொடுமைக்காரர். குரலுக்கு எவ்வளவோ பேர வெச்சுப் பாத்தோம், செட் ஆகல. ஒரு நாள் பேங்க்குக்குப் போன் பண்ணேன். 'காத்திருக்கவும்'னு நீங்க சொன்னதும் எழுந்து நின்னுட்டேன். அப்படியே எங்க பழைய வார்டன்! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மென்று விழுங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது. வங்கிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் அல்லவா?

கேமில், விடுதியில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு பெண் வருவாள். விளையாடுகிறவர்தான் அந்தப் பெண். வார்டனை ஏமாற்றலாம், படிக்கட்டில் சோப்பு தடவி வழுக்கிவிடலாம், மேலே தண்ணீர் வாளியைக் கவிழ்க்கலாம். துணிச்சல் அதிகமென்றால் சாப்பாட்டுக் கூடத்துக்கே தீ வைக்கலாம். கடைசியில் சாவிக்கொத்தைத் திருடிக்கொண்டு வெளியே போய்விட்டால் வெற்றி.

டயர் கடையின் ஷட்டர் தூக்கும் முன் வேலையை முடிக்க வேண்டும். தூக்கிவிட்டால் சுத்தியல் சத்தத்தில் ஒன்றும் ஓடாது. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி, கம்பளிகளைத் தொங்கவிட்டு ஒரு கூண்டு செய்திருந்தார்கள். அதற்குள் லிஃப்ட்காரர் நின்று அடி வாங்கினார். அடி வாங்குவது என்றால் சத்தத்தில்.

"சார், வழுக்கி விழற 'ஆ' வேற, பந்து பட்ட 'ஆ' வேற. இப்ப விழுந்தது முழங்கால். முதுகில்ல" என்பாள் டைரக்டரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவர் முழங்காலை நினைத்துக்கொண்டு மறுபடி கத்துவார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடித்திருந்தது. யாரையும் காக்கச் சொல்ல வேண்டியதில்லை, எந்தக் கதவும் மூடுகிறது என்று எச்சரிக்க வேண்டியதில்லை. வலித்தால் கத்தலாம். இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு வசதி அவருக்குக் கிடைத்ததே இல்லை.

கத்தி முடித்த இடைவெளிகளில் சத்தமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த விடுதியில் எப்போதும் அந்தி நேரம்தான். நீண்ட தாழ்வாரம், ஈரத் தரை, வரிசையாக வாளிகள். ஜன்னலுக்கு வெளியே பனி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு சின்னப் பெண் முதுகைக் காட்டியபடி தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருப்பாள். முகம் தெரியாது. வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போதும் அந்தத் தாழ்வாரம் கண்ணைவிட்டுப் போகாது. அரைத் தூக்கத்தில் பஸ்ஸின் நடைபாதையே நீண்டுகொண்டு போவது போலவும், முன்சீட்டுக்கு அப்பால் அந்தப் பெண் நடப்பது போலவும் இருக்கும். கூப்பிட வேண்டும் என்று தோன்றும். பேர் தெரியாத பெண்ணை என்னவென்று கூப்பிடுவது? நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்துவருவார்.

கடைசி நாள் ரெக்கார்டிங் குறட்டை. அந்தப் பெண் சாவியைத் திருட வார்டனின் அறைக்குள் நுழைகிறாள், வார்டன் தூங்கிக்கொண்டிருக்கிறார். நின்றுகொண்டு விட்ட குறட்டையெல்லாம் பொய்க் குறட்டையாக இருந்தது. படுத்து விட்டுப் பாருங்கள் என்றாள் டைரக்டரம்மா. தரையில் கம்பளியை விரித்துப் படுத்தார். மைக்கை இறக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். விடியும் முன் எழுந்த உடம்பு, இருட்டுக் கூண்டு, பஞ்சு மெத்தைகளின் வாசனை. கொஞ்ச நேரத்தில் தொழில் போய் நிஜம் வந்துவிட்டது. மனிதர் உண்மையாகவே தூங்கிப்போனார்.

டைரக்டரம்மா போதும் போதும் என்கிற வரைக்கும் குறட்டையைப் பிடித்துக்கொண்டு, எழுப்புவதற்காகக் கூண்டின் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"தூக்கத்துல ஏதோ சொன்னீங்க சார். மைக் ஓடிட்டிருந்துது. ரொம்ப நல்லா வந்திருக்கு. அதையும் வெச்சுக்கட்டுமா?"

தூங்கிவிட்டோமே என்ற கூச்சத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எதுன்னாலும் வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. மற்றவர்களுக்குப் பேசியதையெல்லாம் பலமுறை போட்டுக் கேட்டுச் சரிபார்க்கிற மனிதர், தனக்காகப் பேசிய ஒன்றைக் காதுகொடுத்துக் கேட்காமல் கீழே இறங்கிப் போனார்.

கேம் வெளியே வந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! பிள்ளைகள் பைத்தியமாக விளையாடினார்கள், பெரியவர்கள் பைத்தியமாகக் கத்தினார்கள். தொலைக்காட்சியில் தினமும் விவாதம். ஆசிரியரை அடிக்கச் சொல்லித் தருகிறது, தீ வைக்கச் சொல்லித் தருகிறது, ஒரு பெண்பிள்ளை வார்டனின் படுக்கையறைக்குள் நுழைவதா, என்ன அநியாயம் என்று ஆளாளுக்கு வெளுத்து வாங்கினார்கள். கேமைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்தான் உரக்கப் பேசினார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தடை செய்யக் கோரி விடுதிப் பள்ளிக்கூடங்களின் தலைவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அவர்கள் சார்பில் ஒரு அம்மையார் திரையில் தோன்றினார்.

"ஏங்க, இங்க வாங்களேன்! நம்ம பாப்பாவோட பிரின்சிபால்!" என்று கூவினாள் நர்ஸ்.

லிஃப்ட்காரர் வந்து பார்த்தார். "அந்த வார்டனுக்குக் குரல் கொடுத்தவருக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார் பிரின்சிபால்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க" என்றாள் நர்ஸ்.

அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாப்பா விஷயமாகப் பேச வேண்டும், உடனே வாருங்கள், போனில் சொல்ல முடியாது என்றார்கள். நர்ஸுக்கு லீவு கிடைக்கவில்லை. வழியனுப்பும்போது அவருடைய கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிவிட்டு, "தொண்ட கட்டிடுச்சுன்னு சொல்லிக் கிசுகிசுன்னே பேசுங்க. உங்க குரல் கேட்டா மாட்டிப்பீங்க" என்றாள்.

பஸ் மலை ஏறியது. பனி ஜன்னலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அவர் தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குள் நடந்தபோதும் தூக்கம் முழுதாகக் கலையவில்லை. நீண்ட தாழ்வாரம், ஈரத் தரை, வரிசையாக வாளிகள். எல்லா விடுதிகளும் ஒரே அச்சில் வார்த்தவைதானோ என்னவோ. பகல் நேரம்தான், ஆனால் பனியில் அந்தி போலவே இருந்தது. படிக்கட்டு எங்கே திரும்பும் என்று கால்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மேல்படியில் கால் வைத்தபோது வழுக்கப்போகிறது என்று நினைத்து 'ஆ' என்று அவர் வாய் தானாகத் தயாரானது. முழங்கால் 'ஆ'. சட்டென்று மஃப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரின்சிபால் தொலைக்காட்சியில் தெரிந்ததைவிட வயதானவராக, களைத்தவராக இருந்தார். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தார். கெட்டவர் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"தொண்ட சரியில்லையா? நீங்க பேச வேண்டாம், நான் சொல்றேன். மனச திடப்படுத்திக்கோங்க" என்றார். "உங்க பொண்ணு கையில ஒரு போன் இருந்துது. இங்க போனுக்கு அனுமதி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அதுல அந்த கேம்."

மேசைமேல் விரிசல் விழுந்த ஒரு போன் கிடந்தது. போன விடுமுறைக்குப் பிறகு வீட்டில் தொலைந்துபோனதாக நினைத்திருந்த நர்ஸின் பழைய போன்.

"விளையாடியிருந்தாக்கூடக் கண்டிச்சு விட்டிருப்பேன். அவ விளையாடல. யாரையும் அடிக்கல, தீ வைக்கல. நேரா அந்த வார்டன் ரூமுக்குப் போவா. கதவத் திறப்பா. அந்த ஆள் என்னவோ சொல்வான். இவ அதுக்குப் பதில் சொல்றாளாம். தினமும் வகுப்பு முடிஞ்சதும், துணி வைக்கிற ரூமுக்குப் பின்னாடி உக்காந்து. கூட இருக்கிற பிள்ளைங்க கேட்டிருக்காங்க." பிரின்சிபால் போனைத் தள்ளி வைத்தார். "அவன 'அப்பா'ன்னு கூப்பிடறா சார். அந்தக் கொடுமக்கார பொம்மைய. டீச்சர் திட்டினது, தோழியோட சண்ட போட்டது, மதியம் சாப்பிடாதது, எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்றா. குறட்ட வந்ததும் மூடி வெச்சுட்டு எழுந்து வந்துடறா. ஏம்மா, யாரும்மா அதுன்னு நானே கூப்பிட்டுக் கேட்டேன். உதட்ட இறுக்கிட்டு நிக்கறா. ஒரு வார்த்த வாங்க முடியல."

லிஃப்ட்காரர் டீயைக் கீழே வைத்தார்.

"இது மனசு சம்பந்தப்பட்டது. டாக்டர்கிட்டக் காட்டுங்க. கொஞ்ச நாள் இங்கேர்ந்து கூட்டிட்டுப் போறது நல்லது. நாளைக்கு எங்க கூட்டம் இருக்கு. பேரச் சொல்லாம இந்த விஷயத்த எல்லார் முன்னாடியும் வைக்கப் போறேன். ஒரு கேம் ஒரு குழந்தைய எந்த அளவுக்குக் கெடுக்கும்னு ஊருக்குத் தெரியணும். நீங்களே பாருங்க."

போனை எடுத்து, பழகாத விரலால் தட்டித் தடவினார் பிரின்சிபால். திரையில் தாழ்வாரம் வந்தது. முகம் தெரியாத பெண் நடந்தாள். ஒரு கதவு முன்னால் நின்றாள். கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. உள்ளே கேட்ட குறட்டைச் சத்தம் நின்றது.

"வந்துட்டியா பாப்பா?" என்றது வார்டனின் குரல். தூக்கத்தில் குழைந்து, அறுந்து அறுந்து. "செருப்பக் கழட்டிட்டு வா. வந்து பக்கத்துல உக்காரு. இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

பிறகு அமைதி. பதிலுக்காக யாரோ காத்திருக்கிற அமைதி. பிறகு மெல்லக் குறட்டை.

அவர் அந்தக் குரலை முதன்முறையாகக் கேட்டார். தன்னுடையது என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. பாப்பா விடுதிக்குப் போகும் முன், பகல் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வேளையில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கதவுச் சத்தம் கேட்டதும் கண் திறக்காமலே இதைத்தான் கேட்பார். பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் கொட்டுவாள். அவர் பாதி கேட்பார், பாதி தூங்குவார். அது ஒரு பெரிய விஷயம் என்று அவர் என்றைக்குமே நினைத்ததில்லை. அவர் அவளிடம் தன் சொந்தக் குரலில் பேசிய ஒரே வேளை அது. விடுதியில் சேர்த்தபோது அதுவும் போயிற்று. அவள் அதைத் தேடி, ஊரே தூற்றுகிற ஒரு கேமுக்குள் புகுந்து கண்டுபிடித்திருக்கிறாள். தினமும் அந்தக் கதவைத் திறந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். யாருடைய குரல் என்று பிரின்சிபால் கேட்டபோது, அப்பா மாட்டிக்கொள்வாரே என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு பைத்தியக்காரிப் பட்டத்தையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றிருக்கிறாள்.

மஃப்ளரைக் கழற்றினார். வாயைத் திறந்தார். முக்கியமான நேரம் அல்லவா, பாழும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"அந்தக் குரல் என்னுடையது" என்றார், அறையே அதிரும்படி.

பிரின்சிபால் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். லிஃப்டும் வங்கியும் வார்டனும் ஒரே நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

"நீங்களா? நீங்களா அது?"

"நான்தான் மேடம். என் மகளுக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் தன் தந்தையுடன்தான் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் சொல்வதாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். அவளைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்."

அறிவிப்புத்தான். ஆனால் இந்த முறை ஒவ்வொரு சொல்லும் நிஜம். வங்கி வேலை போகும், நாளைக்கே பேப்பரில் பெயர் வரும், எல்லாம் தெரிந்தே சொன்னார். பிரின்சிபால் வெகுநேரம் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட நினைத்து, அது வராமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"குழந்தைய வரச் சொல்றேன்" என்றார் கடைசியில்.

பாப்பா வந்து வாசலில் நின்றாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. உள்ளே வரவில்லை.

"மேடம், அது யாருன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது" என்றாள் அவசரமாக.

"நான் சொல்லிட்டேன் பாப்பா" என்று சொல்ல நினைத்தார் அவர். தொண்டை செருமிக்கொள்ளப் பார்த்தது. வந்துவிடுமோ அந்தக் குரல் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டார். மறுபடி முயன்றார். மறுபடி முதுகு நிமிர்ந்தது. வேண்டாம், இதையும் கெடுத்துவிடாதே என்று தனக்குத் தானே கெஞ்சினார். விடியும் முன் எழுந்து பஸ் ஏறிய உடம்பு ஒரு கட்டத்தில் கைவிட்டது. நாற்காலியில் அப்படியே சரிந்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. ஜன்னல் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த இடத்திலிருந்து, கரகரத்து, உடைந்து, அது வந்தது.

"வந்துட்டியா பாப்பா?"

பிறகு வேகமான காலடிச் சத்தம். அவருடைய சட்டையை இரண்டு கைகள் கொத்தாகப் பிடித்து உலுக்கின.

"நான் எங்கப்பா போனேன்?" என்று கத்தினாள் பாப்பா. "நான் இங்கயேதான இருந்தேன்! கொண்டாந்து விட்ட எடத்துலயேதான இருந்தேன்! நீங்கதான் வரல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் யாரோ ஒரு ஆள் போன் பண்ணி நலமான்னு கேக்கறான். நீங்க வரவே இல்ல!"

அவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். அவள் இன்னும் நிறுத்தவில்லை, திட்டிக்கொண்டே இருந்தாள்.